பெருமாள் ஏன் விலகி நின்றார்?

புதிதாகக் கோர்ட் படி ஏறியிருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதச் சொன்னார்கள். சட்டத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. அதை என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருப்பீர்கள். இல்லாவிட்டால் பரீட்சையில் தேறியிருக்க மாட்டீர்கள். நான் எழுதப்போவது குழப்பத்தைப் பற்றி. நீதிபதிக்குக் குழப்பம் வரக்கூடாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னவர் அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்திருக்க மாட்டார்.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசி வருஷங்களில் நியமன உத்தரவு வாங்கிய முன்சீப் நான். சிவில் நீதிபதிகளில் கடைசிப் படி. வரப்புச் சண்டை, வாய்க்கால் சண்டை எல்லாம் முதலில் எங்களிடம்தான் வரும். ராஜாவின் பெயரால் நியாயம் வழங்குவேன் என்று பிரமாணம் எடுத்துக்கொண்டேன். பிறகு சுதந்திரம் வந்தது. என் தலைக்கு மேலே மாட்டியிருந்த ராஜா படத்தைக் கோர்ட் டவாலி ஏணி போட்டு இறக்கினார். ஆணி மட்டும் சுவரில் நின்றது. அதே நாற்காலி, அதே சட்டப் புத்தகம், அதே மூட்டைப்பூச்சி. நேற்றுவரை ராஜா பெயரால் சொன்ன தீர்ப்பை இன்றைக்கு யார் பெயரால் சொல்கிறேன் என்று கொஞ்ச நாள் எனக்கே விளங்கவில்லை. வழக்காடிகள் ஒருவருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. பக்கத்துக்காரன் மாடு தன் காட்டில் மேய்ந்ததா இல்லையா என்பதுதான் அவர்கள் கவலை.

எங்கள் ஜில்லா ஜட்ஜும் அந்தக் காலத்து மனிதர்தான். கழுத்துப் பட்டி கசங்கிப் பார்த்ததில்லை. நான் சேலத்துப் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் என்னைக் கூப்பிட்டு ஒரு பாடம் சொன்னார்.

“பேசறதை எழுதக் குமாஸ்தா போதுமய்யா. மூஞ்சியைப் பார்க்கத்தான் உமக்குச் சம்பளம். பொய் சொல்றவன் எதிராளியை நேருக்கு நேர் பார்க்க மாட்டான். அதை மட்டும் கவனியும்.”

நான் சென்னையிலேயே பிறந்து, சென்னையிலேயே படித்தவன். மலை என்றால் பரங்கிமலை என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள். பெரியவர் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். சாட்சிக் கூண்டில் யார் ஏறினாலும் கண்ணைத்தான் பார்ப்பேன்.

ஏற்காட்டு மலை வழக்குகளும் எங்கள் கோர்ட்டுக்குத்தான் வரும். வாழவந்திப் பக்கமிருந்து அப்படி வந்தது ஒரு வழக்கு. வழக்குப் போட்டவர் பெருமாள். காப்பி எஸ்டேட்டில் வேலை, சொந்தமாகக் கொஞ்சம் காடு. அவருடைய தம்பி பாகம் பிரித்துக்கொண்டு, பக்கத்திலேயே தனியாக ஒரு கூரை வீடு கட்டிக் குடியிருந்தவர். காய்ச்சலில் தம்பி இறந்துபோனார். அந்த வீட்டில் பழனியம்மாள் என்ற பெண்ணும் அவளுடைய கைக்குழந்தையும் இருந்தார்கள். “இவள் என் தம்பிக்கு மனைவி இல்லை. கல்யாணமே நடக்கவில்லை. வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும்” என்பது பெருமாளின் வழக்கு.

பழனியம்மாள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவள். அப்பா அம்மா இல்லை. சேர்வராயன் மலை உச்சியில் இருக்கும் குகைக் கோயில் வாசலில் அந்தத் தம்பி தனக்குத் தாலி கட்டினார் என்று சொன்னாள். தாலி கட்டிய புருஷன் செத்துவிட்டான். பக்கத்தில் நின்ற பழைய பூசாரியும் செத்துவிட்டார்.

“வேற யாரும் பார்க்கலையாம்மா?” என்று அவளுடைய வக்கீல் கேட்டார். நரைத்த தலை, கையில் எப்போதும் ஒரு குடை, நல்ல மனிதர்.

“பாத்தாங்க. அவிய பாத்தாங்க” என்றாள் பழனியம்மாள். “தடுக்கோணும்னு ஓடியாந்தாங்க. வாரதுக்குள்ள தாலி ஏறிருச்சுங்க. பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

“அவியன்னா யாரும்மா?”

அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பெருமாளைத்தான் சொல்கிறாள் என்று வக்கீல்தான் விளக்க வேண்டியிருந்தது. ஆக அவளுடைய கல்யாணத்துக்கு உயிரோடிருக்கும் ஒரே சாட்சி, அவளை வெளியே துரத்த வழக்குப் போட்டிருக்கும் மனிதர்!

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடிந்தால்தானே. பெருமாள் நின்ற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏறக்குறைய சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். பெருமாள் எழுந்தால் இவள் இன்னும் கொஞ்சம் திரும்புவாள். “நேராக நில்லம்மா” என்று நான் அதட்டினால் ஒரு நிமிஷம் நிற்பாள், மறுபடி சுவர். ஜில்லா ஜட்ஜ் சொன்ன அடையாளம் அச்சு அசலாக இருந்தது. எதிராளியைப் பார்க்க முடியாதவள் பொய் சொல்கிறாள். வழக்கு முடிந்ததுபோலத்தான் என்று மனசுக்குள் தீர்ப்பின் முதல் வரியைக்கூட எழுதிவிட்டேன்.

அப்போதுதான் அவள் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“ஏனுங்க எசமான், அவிய சேர்வராயன் கோயில் வாசல்ல கற்பூரத்த அணைச்சு, தாலி கட்டலைன்னு ஒரு சொல்லுச் சொல்லட்டுமுங்க. கொழந்தையத் தூக்கிட்டு அன்னிக்கே எறங்கிப் போயர்றனுங்க. அவியகிட்டச் சொல்லுங்க.”

“ரெண்டு பேரும் ஒரே அறையில் நிற்கிறீர்கள். நேரே சொல்லம்மா. நான் என்ன தபால்காரனா?” என்று கத்தினேன்.

அவள் நேரே சொல்லவில்லை. பெருமாளும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நாளைக்கே வாரனுங்க எசமான். எனக்கென்ன பயம்? கல்யாணம் நடக்கலைன்னா நடக்கலைதானுங்க” என்றார். அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அன்றிருந்த சத்தியப் பிரமாணச் சட்டத்தில், இப்போது இல்லாத ஒரு வழி இருந்தது. ‘எதிராளி இன்ன கோயிலில் இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்’ என்று ஒருவர் சொல்லி, மற்றவரும் ஒப்புக்கொண்டால், கோர்ட் அதை அனுமதிக்கலாம். சத்தியம் செய்துவிட்டால் அதுதான் முடிவான சாட்சியம். அதற்குமேல் பேச்சே இல்லை. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்துக்குள் கற்பூரம் எரிந்த இடம் அது.

அவளுடைய வக்கீல் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “வேண்டாம்மா, சாட்சி விசாரிக்கலாம், ஊரில் நாலு பேரைக் கூப்பிடலாம்” என்று காதோரம் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. எனக்கோ தலை சுற்றியது. பொய் சொல்பவள் தன் கழுத்தை எதிராளி கையில் கொடுப்பாளா? மெய் சொல்பவர் அவர் என்றால், அவளுக்கு என்ன துணிச்சல்? ஒரு பக்கம் அவளைப் பார்த்தால் பொய். அவள் சொன்னதைப் பார்த்தால் மெய். இன்னொரு பக்கம் அவரைப் பார்த்தாலும் மெய், கேட்டாலும் மெய். இரண்டு மெய் எப்படி ஒரு வழக்கில் இருக்கும்? ராஜா படம் இருந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தேன். அதுவும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட சத்தியத்துக்கு வக்கீல் ஒருவரைக் கமிஷனராக அனுப்பினால் போதும். நானோ, நானே வருகிறேன் என்று உத்தரவு போட்டேன். சத்தியம் செய்யும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தே தீருவது என்ற பிடிவாதம்.

ஐப்பசி மாதம். ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் ஏறினோம். மேலே போகப் போக மஞ்சு என்று அவர்கள் சொல்லும் பனிமூட்டம் மூடிக்கொண்டது. உச்சியில் அந்த வெட்டவெளியில் இறங்கியபோது என் குமாஸ்தாவையே குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். காற்று வேட்டியைப் பிய்த்துக்கொண்டு போனது. பெருமாள் தன் சொந்தக்காரர்களோடு முன்னாலேயே வந்திருந்தார். குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுப் பழனியம்மாள் ஒரு பாறையோரமாக ஒதுங்கி நின்றாள். வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு.

“உள்ள பத்த வெச்சுக்கலாமுங்க. வெளிய காத்து நிக்க உடாது” என்றார் பூசாரி. குகை குறுகல். உள்ளே ஒருவர் குனிந்து போனால் பின்னால் நிற்பவருக்கு முதுகுதான் தெரியும். முகம் பார்க்க வந்தவன் முதுகைப் பார்ப்பானா? வாசலில்தான் நடக்க வேண்டும் என்றேன். எவ்வளவு பெரிய புத்திசாலி என்று பாருங்கள்.

பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றி வாசல் கல்லில் வைத்தார். பெருமாள் கையை நீட்டிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தார். கை போய்ச் சேருவதற்குள் காற்று அடித்துக் கற்பூரம் அணைந்துவிட்டது.

அவ்வளவுதான், சந்தைக்கடை ஆகிவிட்டது. “சாமியே அணைச்சிருச்சு, சத்தியம் முடிஞ்சுதுங்க” என்றார்கள் பெருமாள் பக்கத்தார். “பொய்ச் சத்தியத்தைச் சாமி வாங்கலைங்க” என்றார் மறுபக்கத்திலிருந்து ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கற்பூரத்தைக் கை அணைக்க வேண்டும், காற்று அணைத்தால் என்ன செய்வது என்பதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பிரிவு கிடையாது. குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு, “என்னன்னு பதியட்டுங்க ஐயா?” என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

“திரும்ப ஏற்றுங்கள்” என்றேன். ஏற்றினார்கள். மறுபடி அணைந்தது. பெருமாளுக்கே சலித்துவிட்டது. “இன்னொருக்கா வெய்யுங்க பூசாரி. நொம்ப நேரமா நிக்கிறமுல்ல” என்றார்.

அடுத்த தடவை பூசாரி குச்சியைக் கிழித்தபோது, பாறையோரத்திலிருந்து பழனியம்மாள் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வாசல் கல்லுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் குவித்து, கற்பூரத்துக்குக் காற்றுப் படாமல் அணைகட்டினாள். சுடர் ஆடாமல் நின்று எரிந்தது.

நினைத்துப் பாருங்கள். அந்தக் கற்பூரத்தை அந்த மனிதர் அணைத்தால் அவளுக்கு வீடில்லை, குழந்தைக்கு அப்பன் பெயர் இல்லை. அதை அணைய விடாமல் அவளே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீதிபதிக்கு அதெல்லாம் கூடாது என்று கன்னத்தைக் கடித்துக்கொண்டு பெருமாளின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

பெருமாளைக் காணோம்.

தேடினேன். தட்டுக்கு முன்னால் நின்றவர் பின்னால் போய்ப் பூசாரியின் முதுகுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. முகம் பாறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கற்பூரமோ கரைந்துகொண்டிருக்கிறது. இத்தனை பாடுபட்டு ஒரு சுடர் நின்றால் இந்த மனிதர் போய் ஒளிந்துகொள்கிறாரே என்று எனக்கு வந்ததே ஒரு கோபம்.

“என்னய்யா இது? கற்பூரம் எரியுது, வந்து சத்தியம் பண்ணாம எதுக்கு அங்க போய் நிக்கிறீங்க?”

ஒன்றும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல, அவரும் அதே கோபத்தோடு திருப்பிச் சொன்னார்: “தம்பி பொண்டாட்டி மூஞ்சிக்கு நேரா எப்பிடிங்க நிக்கிறது? ஒரு மொறை வேண்டாமுங்களா?”

 பூசாரி வாயைத் திறந்தபடி நின்றார். வக்கீலின் குடை கையிலிருந்து நழுவியது. பெருமாளின் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் கடைசியாகப் புரிந்தது எனக்குத்தான். வக்கீல்தான் மெல்லச் சொன்னார்: “இந்தப் பக்கம் புருஷனோட அண்ணன் எதிர்ல பொண்ணுங்க நேரா நிக்க மாட்டாங்க, நேரா பேச மாட்டாங்க ஐயா. அவரும் தம்பி சம்சாரத்துக்கு எதிர்ல வர மாட்டாரு. ஐயாவுக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

கோர்ட்டில் அவள் ஏன் சுவரோடு பேசினாள் என்று அப்போது தெரிந்தது. பொய்க்கு அடையாளம் என்று நான் எழுதி வைத்தது, மனைவிக்கு அடையாளம்.

பெருமாளுக்கும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“தாலி கட்டினதைப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். இந்தத் தடவை தணிவாகத்தான் கேட்டேன்.

“பாத்தனுங்க.”

“பின்னே கல்யாணம் நடக்கலைன்னு எப்படிச் சத்தியம் பண்ண வந்தீங்க?”

“அது கல்யாணமுங்களா? பந்தல் இல்ல, சீர் இல்ல, சொந்தபந்தம் ஒருத்தரில்ல. எந்த ஊரு, யாரு பெத்த புள்ளைன்னு தெரியாது. நாங்க யாரும் ஒத்துக்கலைங்க. அதைக் கல்யாணம்னு நான் எப்பிடிச் சொல்லுவனுங்க?” அவர் பொய் சொல்லவில்லை. அதை எப்போது நினைத்தாலும் எனக்குச் சத்தியமாகவே படுகிறது. அவர் மனசில் கல்யாணம் நடக்கவே இல்லை.

“ஒத்துக்கலைன்னா, இப்போ ஏன் விலகி நின்னீங்க?”

அவர் பாறையைப் பார்த்தார், கையிலிருந்த துண்டைப் பார்த்தார். “அது… எப்பவும் அப்பிடித்தானுங்க. வழியில வந்தாக்கூட ஒதுங்கிக்குவனுங்க” என்றார். அவர் வாய் ஒத்துக்கொள்ளாததை அவர் கால் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டது. அது அவருக்கே அந்தக் கணம்வரை தெரியாது.

“சத்தியம் பண்றீங்களா?” என்றேன்.

“என்னன்னுங்க பண்றது, எசமான்?” என்று என்னையே கேட்டார். கண் கலங்கியிருந்தது. “எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்களே.”

எனக்கும் விளங்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் கற்பூரம் பழனியம்மாளின் கைகளுக்கு நடுவே தானாக எரிந்து தீர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. குளிருக்கு அந்தத் தட்டின் சூடு இதமாக இருந்திருக்கும்.

பெருமாள் அங்கேயே வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். மஞ்சில் நனைந்த காகிதத்தில் குமாஸ்தா எழுதினார்.

சேலத்துக்குத் திரும்பி ஜில்லா ஜட்ஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கழுத்துப் பட்டியைத் தொட்டுக்கொண்டு கேட்டார்: “சத்தியத்தை நடத்தி வைக்கப் போனவர் நீர். குறுக்கு விசாரணை பண்ண எந்தப் பிரிவு உமக்கு இடம் கொடுத்தது?”

“விசாரிக்கணும்னு கேட்கலைங்க. கோபத்துல, தெரியாம கேட்டுட்டேன்.”

“தெரிஞ்சு கேட்டிருந்தா மெமோ கொடுத்திருப்பேன்” என்றார். பிறகு, மூஞ்சியைப் பார்க்கச் சொன்னோமே என்று நினைத்தாரோ என்னவோ, என் மூஞ்சியைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே கண்ணுகளா, என்னிடம் உங்களுக்குக் கொடுக்கச் சுத்தமான பாடம் இல்லை. முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்று சொல்ல வரவில்லை. அடுத்த ஊரில் கால் வேறு மாதிரி பேசும். நான் அன்று செய்தது நியாயமா, அத்துமீறலா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அந்த மனிதர் பேசாமல் முன்னால் வந்து, கற்பூரத்தை அணைத்திருந்தால் சட்டப்படி நான் அவளை வெளியே அனுப்பியிருப்பேன். மனசாரவும் அனுப்பியிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது. தெரியாததைக் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். அதுவும், ஊருக்கே தெரிந்ததை நீங்கள் மட்டும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தோன்றும்போது கட்டாயம் கேளுங்கள்.

மலையிலிருந்து இறங்கியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஜீப் நின்ற இடம்வரை எல்லோரும் நடந்தோம். பாதை சறுக்கியது. நானும் பெருமாளும் முன்னால் போனோம். கொஞ்சம் பின்னால் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பழனியம்மாள் வந்தாள். நாங்கள் நின்றால் அவளும் நின்றுவிடுவாள். வழக்கு முடிந்தும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

பெருமாள் தொண்டையைச் செருமினார். திரும்பிப் பார்க்காமல், மஞ்சைப் பார்த்து, என்னிடம் சொன்னார்:

“ஏனுங்க எசமான், அந்த ஊட்டுக் கூரை ஐப்பசி மழைக்கு ஒழுகுமுங்க. நாளைக்குக் கழிச்சு வந்து மேஞ்சு உடறன்னு அம்மணிகிட்டச் சொல்லுங்க.”

அவர் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் நான் திரும்பிச் சொன்னேன். “கூரை மேய்ந்து தருகிறாராம்.”

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். “சரீங்க. ஆனா மேஞ்சுட்டுச் சும்மா எறங்கிப் போகக்கூடாதுங்க. இன்னிவரைக்கும் எங்கூட்டுல அவிய ஒருத்தரும் கை நனைச்சதில்லைங்க. அக்காளையும் கூட்டிக்கிட்டு வந்து ஒருவாய் சோறு திங்கோணும்னு சொல்லுங்க.”

நான் முன்னால் திரும்பினேன். “வீட்டில் சாப்பிட்டுத்தான் போக வேண்டுமாம். உங்கள் சம்சாரமும் வர வேண்டுமாம்.”

 ஜீப்பின் விளக்கு மஞ்சுக்குள் மங்கலாகத் தெரிந்தது. பெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வாரமுன்னு சொல்லுங்க” என்றார்.

நான் பின்னால் திரும்பி, “வருகிறார்களாம்” என்றேன்.